ஹன்னாவா, அன்னம்மாளா? ஒரு எபிரேயப் பெயரின் பொருளும் பூர்வீகமும்

தாமிரபரணி82

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்களுக்கு இரண்டாவது குழந்தை. பெண்ணாக இருந்தால் 'ஹன்னா' என்று வைக்க வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். அம்மாவோ, காலமான எங்கள் ஆச்சியின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். ஆச்சி பெயர் அன்னம்மாள். வீட்டில் மூன்று வாரமாக இதே பேச்சுதான்.

ஹன்னா என்றால் என்ன பொருள் என்று தேடினேன். ஒரு இடத்தில் 'கிருபை' என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 'பூ'. அப்புறம் 'மகிழ்ச்சி', 'ஒன்று', 'மருதாணி' என்றெல்லாம் வருகிறது. ஒரே பெயருக்கு இத்தனை பொருளா? எது சரி? எபிரேயம் தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

தூறல்

வாழ்த்துகள் சார்! பூ என்பது ஜப்பானிய 'ஹனா'. 'ஒன்று' கொரிய மொழி. கொரியத் தொடர் பார்த்துப் பார்த்து எண்ணக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும், ஹனா, துல், செத். எபிரேயத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

பழஞ்சுவடி

இறையியல் கல்லூரியில் இரண்டு வருடம் எபிரேயத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எபிரேயத்தில் இந்தப் பெயருக்கு மூன்றே எழுத்துகள்: ஹேத், நூன், ஹே. நடுவில் இருக்கும் நூன் இரட்டித்து ஒலிக்கும். அதனால்தான் 'ஹனா' இல்லை, 'ஹன்னா'. இந்த இரட்டிப்பு சும்மா வந்ததில்லை. வேர்ச்சொல் ஹேத்-நூன்-நூன். கடைசியில் உள்ள 'ஆ' பெண்பால் விகுதி.

இந்த வேரிலிருந்து வரும் சொற்களைப் பார்த்தால் 'கிருபை' என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு போதாது என்று தெரியும். 'ஹேன்' என்றால் தயவு. ஒருவர் கண்ணுக்கு இதமாக இருப்பது, களை என்ற பொருளும் உண்டு. 'ஹன்னூன்' என்றால் இரக்கமுள்ளவர். யாத்திராகமம் 34இல் கடவுள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் குணங்களில் ஒன்று அது. இன்றைய இஸ்ரேலில் குடியரசுத் தலைவர் கைதிக்குக் கொடுக்கும் மன்னிப்பு 'ஹனினா'. கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதுகிறார்களே, அந்த இலவசத்துக்கு 'ஹினாம்'. அதுவும் இதே வேர்தான். விலை இல்லாமல், தகுதி பார்க்காமல் கொடுப்பது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. இதே வேரின் இன்னொரு வினைவடிவத்துக்கு 'தயவுக்காகக் கெஞ்சு' என்று பொருள். 'தஹனூன்' என்றால் மன்றாட்டு. கொடுப்பவர் கொடுப்பதும் கேட்பவர் கேட்பதும் ஒரே வேரில் இருக்கின்றன. ஹன்னா என்ற பெயருக்குள் இரண்டும் உண்டு என்பது என் கருத்து. பெயர்ப் புத்தகங்கள் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன.

தாமிரபரணி82

அருமை ஐயா. 'ஹினாம்' கதையை மனைவியிடம் சொன்னேன். "பிள்ளைக்கு இலவசம்னா பேர் வைக்கச் சொல்றீங்க?" என்று கேட்கிறாள். :)

குமரிமுனை

யாரும் கவனிக்காத ஒன்று. ஹன்னா → அன்னா → அன்னை. தமிழில் அன்னை என்றால் தாய். சங்க இலக்கியத்தில் 'அன்னாய் வாழி' என்றே வருகிறது. பைபிளில் வரும் ஹன்னாவும் ஒரு தாய், மரியாளின் தாயும் அன்னா. இதெல்லாம் தற்செயலா? தமிழிலிருந்துதான் எபிரேயத்துக்குப் போயிருக்க வேண்டும். சாலமோன் காலத்தில் மயிலின் தோகையே நம் சொல்லாகத்தானே போனது?

மொழிப்பித்தன்

// தமிழிலிருந்துதான் எபிரேயத்துக்குப் போயிருக்க வேண்டும் //

நண்பரே, வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 'அன்னாய் வாழிப் பத்து' ஐங்குறுநூற்றில் குறிஞ்சியில் வருகிறது. அதில் தோழி அழைக்கும் அழகே தனி, அது வேறு பேச்சு. மயில் விஷயத்திலும் நீங்கள் சொல்வதில் ஆதாரம் இருக்கிறது. எபிரேயத் 'துக்கி'யை நம் 'தோகை'யோடு இணைத்துப் பேசியவர்கள் உண்டு. கப்பலில் மயில் போனால் கூடவே பெயரும் போகும். ஆனால் ஒரு மொழியின் வேரும் அதன் வினைச்சொற்களும் கப்பலேறிப் போவதில்லை.

ஹேத்-நூன்-நூன் எபிரேயத்துக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. உகரித், அரமேயம், அரபி என்று செமித்திய மொழிகள் பலவற்றிலும் இருக்கிறது. அரபியில் 'ஹனான்' என்றால் கனிவு, பெண்களுக்கு அந்தப் பெயரும் வைக்கிறார்கள். எங்கும் பொருள் தயவு, இரக்கம்தான், தாய் அல்ல.

முதலெழுத்தையும் பாருங்கள். நாம் 'ஹ' என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அசல் ஹேத் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. இன்றைய இஸ்ரேலியர் பலரும் அதைக் காறுவது போலச் சொல்வார்கள். கிரேக்கத்தில் அந்த ஒலி இல்லாததால் எழுத்தே உதிர்ந்து 'அன்னா' ஆனது. நீங்கள் 'அன்னை'யோடு ஒப்பிடுவது கிரேக்கன் வாயில் தேய்ந்த வடிவத்தை!

தாய்க்கு 'அன', 'அன்ன' போன்ற ஒலிகள் உலகம் முழுக்க உண்டு. துருக்கியில் 'அன்னெ' என்றால் அம்மா. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹிட்டைட் மொழியில் 'அன்னஸ்' என்றால் அம்மா. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகளை எல்லா ஊர்த் தாய்மாரும் தங்களைத்தான் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டார்கள்.

குமரிமுனை

ஹிட்டைட்டுக்கும் தமிழிலிருந்து போயிருக்கலாமே.

மொழிப்பித்தன்

கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

செவ்வந்தி

இந்தப் பெயர் ஆண்களிடமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. யோவான் என்பது எபிரேயத்தில் யோஹனான், 'யாவே தயவு காட்டினார்' என்று பொருள். யாவே என்பது பைபிளில் கடவுளின் பெயர். ஜான், இவான், ஜுவான் எல்லாம் அதன் பிள்ளைகள். பெண்பாலில் யோவன்னாள், ஜேன். அனனியா என்பதும் இதே இரண்டு சொற்கள்தான், வரிசை மட்டும் மாறியிருக்கும்.

ரோமாபுரியை நடுங்க வைத்த ஹன்னிபாலும் இந்தக் குடும்பம்தான். கார்த்தேஜ்காரர்கள் பேசியது எபிரேயத்துக்குப் பக்கத்துவீட்டு மொழியான பினீசியம். ஹன்னி-பால், அதாவது பாகாலின் தயவு. ஒரே தயவு, ஒருவருக்கு யாவே கொடுக்கிறார், இன்னொருவருக்குப் பாகால்! பைபிளில் இந்த இரு சாமிகளுக்கும் எவ்வளவு சண்டை என்று யோசித்தால் வேடிக்கைதான்.

பெண்கள் பக்கம் வந்தால் ஆன், ஆனி, அன்னிக்கா, ஆன்யா என்று போய்க்கொண்டே இருக்கும். ஸ்பானியத்தில் அனாவைச் செல்லமாகக் கூப்பிட்டால் அனிதா. நம் தெருவில் இருக்கும் அனிதாக்கள் எல்லாம் எபிரேயம் என்று நான் சொல்ல வரவில்லை, அடிக்க வராதீர்கள்.

மழைமேகம்

நான் வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இதில் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் என் பெயரே ஹன்னா.

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தேன். அதனால்தான் இந்தப் பெயர். ஊரில் பாதிப் பேர் அர்த்தம் தெரிந்துகொண்டே கேட்பார்கள், "ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்த பிள்ளையோ?" என்று. சின்ன வயதில் எனக்கு அது பிடிக்காது. அந்தப் பெயரில் இருப்பது என் கதை இல்லை, அம்மாவின் அழுகை என்று தோன்றும். இரண்டாவது குழந்தைக்கு, காத்திருப்பு எதுவும் இல்லாமல் பிறக்கிற குழந்தைக்கு, இந்தப் பெயர் பொருந்துமா என்று நீங்கள் யோசித்தீர்களா? குறை சொல்லவில்லை, கேட்கிறேன்.

பழஞ்சுவடி

மழைமேகம் அவர்களே, நல்ல கேள்வி. ஆனால் கதையை மறுபடி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 1 சாமுவேல் முதல் அதிகாரம்.

எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள், அன்னாள் (தமிழ் வேதாகமத்தில் ஹன்னாவின் பெயர் இப்படித்தான்), பெனின்னாள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அவள் வருடா வருடம் ஆலயம் இருந்த சீலோவுக்குப் போகும்போதெல்லாம் அன்னாளைக் குத்திக்காட்டுவாள். புருஷனோ, "பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா?" என்று கேட்கிறான். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரியாதவன்.

அவள் எழுந்து போய் வேண்டுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திட்டுகிறான். குடிக்கவில்லை, மனதைக் கொட்டினேன் என்று அவள் பதில் சொல்கிறாள். ஏலி சமாதானமாகி வாழ்த்தியதும் அவள் சொல்வது 18ஆம் வசனம்: உம் கண்களில் எனக்கு 'ஹேன்' கிடைக்கட்டும். தன் பெயரையே வைத்துச் சொல்கிறாள்! தமிழில் தயவு, கிருபை என்று எந்தச் சொல்லைப் போட்டாலும் அந்தச் சிலேடை காணாமல் போய்விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஹன்னா என்பது தாயின் பெயர். காத்திருந்து பிறந்த பிள்ளையின் பெயர் சாமுவேல். நீண்ட நாள் கழித்துப் பிறந்த பெண்ணுக்கு ஹன்னா என்று வைப்பது பிற்பாடு வந்த பழக்கம். அன்னாளுக்கு அந்தப் பெயரை வைத்தபோது அவள் பெற்றோருக்கு என்ன கதையோ!

மொழிப்பித்தன்

கும்பிடு போட்டேன், ஆனால் இதற்கு வராமல் இருக்க முடியவில்லை. அதே அத்தியாயத்தில் 'கேட்டேன்' என்ற வினை திரும்பத் திரும்ப வரும். 'கர்த்தரிடத்தில் கேட்டேன்' என்று சொல்லி சாமுவேல் என்று பெயரிடுகிறாள். எபிரேயத்தில் வேண்டிக் கேட்பதற்கு 'ஷாஅல்'. அது பொருந்துவது சாமுவேலுக்கு இல்லை, இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலுக்கு! 28ஆம் வசனத்தில் சவுலின் பெயர் எழுத்து மாறாமல் அப்படியே கிடக்கிறது. அதனால் இது முதலில் சவுல் பிறந்த கதையாக இருந்திருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அடுத்த அத்தியாயத்தில் அவள் பாடும் பாட்டின் கடைசியில் ராஜாவைப் பற்றியும் வருகிறது, அப்போது இஸ்ரவேலில் ராஜாவே கிடையாது.

பழஞ்சுவடி

அந்த வாதம் எனக்கும் தெரியும், முழுதாக ஏற்கவில்லை. பெயருக்கு அசைபோட்டுப் பொருள் சொல்வதில் எபிரேயக் கதைசொல்லிகள் இலக்கணம் பார்ப்பதில்லை, காது பார்ப்பார்கள். இதைப் பேச ஆரம்பித்தால் தாமிரபரணிக்குப் பேரக்குழந்தை பிறந்துவிடும், விடுங்கள்.

யூதர்கள் அன்னாளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். யூதர்களின் மறைவிளக்க நூலான தல்மூத் ஏழு பெண் தீர்க்கதரிசிகளை எண்ணுகிறது, அவளும் அதில் உண்டு. அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று இருக்கிறது. யூதர்கள் தினமும் நின்றுகொண்டு சொல்லும் முக்கியமான ஜெபத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு யூத குருமாரான ரபிமார் இவளைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். உதடு அசைய வேண்டும், குரல் வெளியே கேட்கக் கூடாது. ஆசாரியன் குடிகாரி என்று திட்டிய அதே ஜெபம்! யூதப் புத்தாண்டின் முதல் நாளில் ஜெப ஆலயத்தில் இவள் கதையை வாசிக்கிறார்கள்.

மழைமேகம், நீங்கள் அழுகை என்றீர்கள். தல்மூத் காட்டும் ஹன்னா அழுவதோடு நிற்பதில்லை, கடவுளிடம் வழக்காடுகிறாள். எண்ணாகமத்தில் ஒரு சட்டம் உண்டு: புருஷன் சந்தேகப்பட்ட பெண் கசப்புத் தண்ணீர் குடித்துக் குற்றமற்றவள் என்று தெரிந்தால் கர்ப்பந்தரிப்பாள். "நீர் எனக்குப் பிள்ளை தராவிட்டால் நான் வேறு ஒருவனோடு தனியே போய் இருப்பதுபோலக் காட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் குடிப்பேன், அப்போது உம் சட்டப்படியே நீர் தந்துதான் ஆக வேண்டும்" என்று மிரட்டுகிறாளாம்! நான் முதன்முதலில் இதைப் படித்தபோது வகுப்பில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மழைமேகம்

இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. ஞாயிறு பள்ளியில் அன்னாள் என்றால் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற படம் ஒன்றுதான். நன்றி ஐயா. அம்மாவிடம் சொல்லப் போகிறேன்.

ராசிபலன்_ராஜா

தாமிரபரணி சார், எண் கணிதப்படி பார்த்தீர்களா? கூட்டு எண் சரியாக வராவிட்டால் ஒரு 'எச்' கூடச் சேர்க்கலாம்.

மொழிப்பித்தன்

எபிரேயத்திலேயே ஒவ்வொரு எழுத்துக்கும் எண் உண்டு. ஹேத் 8, நூன் 50, ஹே 5. கூட்டினால் 63. நாயன்மார் கணக்கே வந்துவிட்டது, போதுமா?

இந்த மூன்று எழுத்துகளை வைத்து யூதர்களிடம் இன்னொரு விளையாட்டும் உண்டு. பெண்களுக்கென்று சொல்லப்பட்ட மூன்று கட்டளைகள்: மாவில் ஒரு பங்கை எடுத்து வைப்பது (ஹல்லா), மாதவிடாய் விதிகள் (நித்தா), ஓய்வுநாள் விளக்கேற்றுவது (ஹத்லாகா). முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஹேத், நூன், ஹே. ஹன்னா!

தூறல்

அப்படியானால் யூதர்களின் ஹனுக்கா பண்டிகையும் ஹன்னாவிலிருந்து வந்ததா?

மொழிப்பித்தன்

இல்லை. அதன் வேர் ஹேத்-நூன்-காஃப், பிரதிஷ்டை செய்வது. ஆனால் அந்தப் பண்டிகையோடு ஒரு ஹன்னா ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தியோகஸ் அரசன் காலத்தில் ஏழு மகன்களைக் கண்முன் பறிகொடுத்த தாயின் கதை மக்கபேயர் இரண்டாம் நூலில் வருகிறது. அங்கே அவளுக்குப் பெயர் இல்லை. பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள்தான் ஹன்னா என்று பெயர் வைத்தார்கள். 'மலடி ஏழு பெற்றாள்' என்று அன்னாளின் பாட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஏழைப் பிடித்துக்கொண்டு வைத்திருப்பார்கள்.

நாகூர்ப்புறா

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மர்யம் அவர்களின் தாயாரைக் குர்ஆன் 'இம்ரானின் மனைவி' என்று மட்டும் சொல்கிறது. பெயர் ஹன்னா என்பது விரிவுரைகளில் வருவது. வயிற்றில் இருக்கும் பிள்ளையை இறைவனுக்கே நேர்ந்துவிடுகிறார், பிறந்தது பெண். ஆலு இம்ரான் அத்தியாயம், 35ஆம் வசனத்திலிருந்து பாருங்கள்.

அப்புறம், 'மகிழ்ச்சி' என்பது அரபியில் வேறு 'ஹ'வில் தொடங்கும் ஹனா. மருதாணிக்கான ஹின்னா ஹேத் போன்ற ஒலியில் தொடங்கினாலும் வேர் வேறு. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்று போலத் தெரியும், குழப்பம் அதனால்தான்.

செவ்வந்தி

மரியாளின் தாய் அன்னா புதிய ஏற்பாட்டிலும் இல்லை. அவரும் கணவர் சுவக்கினும் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தியில்தான் வருகிறார்கள். அதில் அவர் தோட்டத்தில் மரத்திலுள்ள குருவிக்கூட்டைப் பார்த்துத் தனக்குப் பிள்ளை இல்லையே என்று புலம்புவார். பழைய அன்னாளின் கதையை அச்சாக வைத்து எழுதியது என்று பார்த்தாலே தெரியும். அவர்தான் நம் புனித அன்னம்மாள், திருநாள் ஜூலை 26. இலங்கையில் தலவில அன்னம்மாள் கோவிலுக்கு எங்கள் பெரியம்மா குடும்பம் வருடம் தவறாமல் போவார்கள்.

சபைச் சண்டை வேண்டாம், இருந்தாலும் ஒரு தகவல். 1505இல் இடிமின்னலில் மாட்டிக்கொண்ட மார்ட்டின் லூத்தர், பின்னாளில் புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வித்திட்டவர், "புனித அன்னம்மாளே, காப்பாற்று, நான் துறவி ஆகிறேன்" என்றுதான் கத்தினார். அவர் அப்பா சுரங்கத் தொழிலில் இருந்தவர், சுரங்கக்காரர்களின் பாதுகாவலி அன்னம்மாள்.

பழஞ்சுவடி

லூக்கா நற்செய்தியில் இன்னொரு அன்னாள் உண்டு, பானுவேலின் மகள், 84 வயது விதவை, தேவாலயத்தை விட்டு நீங்காதவள். அவளை யாரும் நினைப்பதே இல்லை, பாவம்.

தாமிரபரணிக்கு நேரடியான பதில்: ஹன்னா, அன்னா, அன்னாள், அன்னம்மாள் நான்கும் ஒரே பெயர். பழைய தமிழ் வேதாகமத்தில் 'ஆ'வில் முடியும் பெண் பெயர்களுக்கெல்லாம் ஒரு 'ள்' போட்டிருப்பார்கள். சாராள், லேயாள், தீனாள், தெபொராள், உல்தாள், மார்த்தாள். ராகேலுக்கும் ரூத்துக்கும் இல்லை, அவை 'ஆ'வில் முடியவில்லை. கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது. எபிரேயத்தில் அந்த 'ஆ' பெண்பால் விகுதி என்றேனே, நம் 'ஆள்' அதே வேலையைச் செய்கிறது. இன்றைய மொழிபெயர்ப்புகளில் 'அன்னா' என்று போடுகிறார்கள். கூப்பிட்டால் 'அண்ணா' என்று காதில் விழும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடுவார்களா!

தாமிரபரணி82

எல்லாருக்கும் நன்றி. இரண்டும் ஒரே பெயர்தான் என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப ஹன்னான்னு வச்சாலும் அத்தை பேரு வச்ச மாதிரிதானாக்கும்" என்று பாதி இறங்கி வந்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

நேற்று சித்தப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவரிடம் சொன்னதும் சிரித்தார். ஆச்சி பிறந்தது இந்துக் குடும்பத்தில், பிறந்தபோது வைத்த பெயர் அன்னத்தாய். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்தபோது சபை ஐயர் (பாதிரியார்) பதிவேட்டில் அன்னம்மாள் என்று எழுதிக்கொண்டாராம். சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று யாரும் கேட்கவில்லை. ஆச்சியின் அம்மா கடைசிவரை 'அன்னம்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது இது எபிரேயப் பெயரா, சோற்றுப் பெயரா?

குமரிமுனை

நான் அப்போதே சொன்னேன்!!!

மொழிப்பித்தன்

நீங்கள் சொன்னது அன்னை, இது அன்னம். அந்த ஐயர் செய்தது சொற்பிறப்பு ஆராய்ச்சியும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்து எழுதினார். அந்தக் கணத்திலிருந்து இரண்டுமே ஆச்சியின் பெயர், அவ்வளவுதான். சவுலுக்கும் சாமுவேலுக்கும் நடந்ததாகச் சொன்னேனே, அது உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

மழைமேகம்

யூதர்களில் ஐரோப்பிய வழியினர் உயிரோடு இருக்கும் தாத்தா பாட்டியின் பெயரை வைக்க மாட்டார்கள், காலமானவர்கள் பெயரைத்தான் வைப்பார்கள் என்று படித்தேன். அந்தக் கணக்கிலும் உங்கள் அம்மா பக்கம்தான் வலு. முடிவு என்ன என்று சொல்லுங்கள் அண்ணா, ஆவலாக இருக்கிறது.

தாமிரபரணி82

முடிவா? அம்மா இப்போது "அப்படின்னா அன்னத்தாய்னே வைங்க" என்கிறார்கள். மனைவி இந்த இழையை இனி வாசிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாள். பையன் பிறந்தால் என்ன செய்வது என்று இன்னும் யாரும் பேசவே இல்லை. ஜான் என்று வைத்தால் அதுவும் இதே வேர்தானே, பழஞ்சுவடி ஐயா?

பழஞ்சுவடி

அதே வேர்தான். வீட்டில் சொல்லாதீர்கள்.